பழைய ஹை-ஃபை ஸ்பீக்கரில் டிரைவர் போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960கள் முதல் 1980கள் வரை வந்த ஹை-ஃபை ஸ்பீக்கர்கள் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அப்பா வாங்கி வைத்ததோ, வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்ததோ, பழைய சாமான் கடையில் அகப்பட்டதோ, உள்ளே இருக்கும் டிரைவர்களுக்கு நாற்பது ஐம்பது வயதாகிவிட்டது. டிரைவர் என்று இங்கே சொல்வது பெட்டியில் திருகியிருக்கும், தாழ்ந்த ஒலிக்கான வூஃபர், நடு ஒலிக்கான மிட்ரேஞ்ச், உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டர் ஆகிய ஒவ்வொரு யூனிட்டையும்தான். ஒன்று பழுதானால் அதே அளவில் புதிதாக ஏதாவது வாங்கி மாட்டிவிடுங்கள் என்பதே கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அந்தப் பெட்டியின் கன அளவும், ஒலியைப் பிரித்து ஒவ்வொரு டிரைவருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவரும் அந்த டிரைவரை வைத்துக் கணக்கிட்டவை. மீட்கக்கூடிய டிரைவரைக் குப்பையில் போட்டால் பெயர்ப்பலகை மட்டும்தான் பழைய ஸ்பீக்கரின் மிச்சமாக இருக்கும்.

ஒரு பக்கம் சத்தமே இல்லை. டிரைவர் எரிந்துவிட்டதா?

முதலில் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆம்பை அணைத்துவிட்டுத்தான். மௌனம் அடுத்த பெட்டிக்கு இடம் மாறினால் கோளாறு ஆம்பில். அதே பெட்டியிலேயே நின்றால் வயரை மாற்றிப் பாருங்கள், அதன் பிறகு ஸ்க்ரூவைத் தொடுங்கள்.

பெட்டியின் பின்னால் மிட்ரேஞ்ச், ட்வீட்டர் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் இருந்தால் அவற்றைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் (ஏஆர்) நிறுவனம் 1967இல் கொண்டுவந்த ஏஆர்-3ஏ இதற்குப் பேர்போனது. அதன் குமிழ்களுக்குள் இருக்கும் தொடுபுள்ளிகள் களிம்பேறி, உயிரோடு இருக்கும் ட்வீட்டரையே செத்ததுபோல் காட்டும். குமிழை இரு பக்கமும் பலமுறை திருப்பிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்து நடுவில் எங்காவது இசை எட்டிப் பார்த்தால் டிரைவர் பிழைத்தது. குமிழைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும்.

மல்டிமீட்டரில் என்ன பார்க்க வேண்டும்?

டிரைவரைப் பெட்டியிலிருந்து எடுத்து, வயரில் ஒன்றையாவது பிரித்துவிட்டு ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் என்று எழுதியிருக்கும் டிரைவர் 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் டிரைவர் 3, 3.5 அருகே காட்டும். மீட்டர் காட்டுவது, கோன் என்ற கூம்பை அசைக்கும் வாய்ஸ் காயில் எனும் கம்பிச் சுருளின் வெறும் தடையை மட்டுமே, அதனால் அச்சிட்ட எண்ணைவிடக் குறைவாக இருப்பது இயல்பு. எண்ணே வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது.

பெட்டியின் பின்பக்க டெர்மினலில் மீட்டரை வைத்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று முடிவுகட்டாதீர்கள். ட்வீட்டருக்கு முன்னால் இருக்கும் கப்பாசிட்டர் டிசி மின்சாரத்தை விடாது. அங்கே நீங்கள் பார்ப்பது வூஃபரை மட்டும்தான். ட்வீட்டர் கருகிக் கிடந்தாலும் மீட்டர் அழகாக 6 ஓம் காட்டும்.

மீட்டரில் எண் வரவில்லை. இனி ரீகோனிங்தானா?

அவசரப்படாதீர்கள். ரீகோனிங் என்றால் கோனையும் காயிலையும் புதிதாகப் போடுவது. முதலில் டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பியைப் பாருங்கள். கோன் அசையும்போதெல்லாம் வளைவது அதுதான், கோனுக்குள் நுழையும் இடத்தில்தான் பெரும்பாலும் அறும். வெளியே நூல் முழுசாகத் தெரியும், உள்ளே இருக்கும் செம்பு இழை மட்டும் போயிருக்கும். மீட்டர் முனையை டெர்மினலில் வைக்காமல் கோனின் மேல் இருக்கும் சால்டர் புள்ளிகளில் வைத்துப் பாருங்கள். அங்கே எண் வந்தால் வாய்ஸ் காயில் நலமாக இருக்கிறது, புதுப் பின்னல் கம்பி போட்டால் வேலை முடிந்தது. சால்டர் வைக்கும்போது ஈயத்தைத் தாராளமாக ஓடவிடாதீர்கள். அது பின்னலுக்குள் ஊறிப் போய்க் கம்பியை விறைப்பாக்கும். விறைத்த இடம் மறுபடி ஒடியும்.

வூஃபரின் ஓரத்தில் இருக்கும் ஃபோம் தொட்டாலே உதிர்கிறது. ஏன்?

பாலியூரித்தேன் ஃபோமின் இயல்பு அது. காற்றின் ஈரமும் ஓசோனும் சேர்ந்து அதன் மூலக்கூறுகளைப் பிளக்கின்றன. ஸ்பீக்கரை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அது நடக்கும். அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தவர்களும் திறந்து பார்த்து மனம் உடைந்திருக்கிறார்கள். பதினைந்து முதல் இருபத்தைந்து ஆண்டுகள் என்பது பொதுவான ஆயுள். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும்.

கெட்டுப்போன ஃபோம் முதலில் பிசுபிசுக்கும், பிறகு விரலில் கறுப்புத் தூளாக ஒட்டும், கடைசியில் கிழியும். பிசுபிசுப்பு வந்ததுமே ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். பிடிப்பில்லாத கோன் பக்கவாட்டில் ஆடி வாய்ஸ் காயிலைக் காந்தத்தோடு உரசவிடும். ஃபோமோடு முடிந்திருக்க வேண்டிய செலவு காயில்வரை போவது இப்படித்தான்.

எல்லாப் பழைய ஸ்பீக்கரிலும் ஃபோம்தானா?

இல்லை, இதைத் தெரிந்துகொள்ளாமல் ஃபோம் ஆர்டர் செய்யக்கூடாது. டனாய் 1974இல் வெளியிட்ட எச்பிடி வரிசையில் ஃபோம். அதற்கு முந்தைய மானிட்டர் கோல்டில் மடிப்பு வைத்த காகித ஓரம், அது இன்னும் பல வீடுகளில் திடமாக இருக்கிறது. ஏஆர்-3ஏவின் ஆரம்பகால வூஃபர்களில் துணி, பின்னால் வந்தவற்றில் ஃபோம். ஜேபிஎல் எல்100இன் வெள்ளைக் கோன் வூஃபரில் பசை ஏற்றிய ஓரம். அந்த ஸ்பீக்கரில் உதிர்வது முன்பக்க ஃபோம் கிரில்தான், வூஃபர் இல்லை. கெஃப் நிறுவனத்தின் பி110 டிரைவரில் ரப்பர்.

துணி ஓரம் உள்ளதில் ஃபோமை ஒட்டாதீர்கள். துணி கிழிவது அபூர்வம். ஏஆர் போன்ற அடைத்த பெட்டிகளில் துணியின் மேல் பூசிய ரப்பர்ப் பூச்சு காய்ந்து காற்றுக் கசியும், அவ்வளவுதான். அதற்கு மேல்பூச்சு போதும். யமஹா என்எஸ்-1000எம் வூஃபரில் நேர்மாறு: பூச்சு இறுகி ஓரம் விறைத்துவிடும், பேஸ் மெலிந்துவிடும். அங்கே இளக்க வேண்டுமே தவிர இன்னும் பூசக்கூடாது.

ஃபோமை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முடியும். பொறுமை உள்ளவர் கடையில் கொடுப்பதைவிட நன்றாகவே செய்வார், ஏனென்றால் அவருக்கு அவசரம் கிடையாது.

ஃபோம் வாங்கும்போது "12 இன்ச்" என்ற ஒரு அளவு போதாது. கோனின் வெளி விட்டம், ஃபிரேமின் உள் விட்டம், வளைவின் அகலம், கோனில் ஒட்டும் உதட்டின் சாய்வு ஆகிய எல்லாம் பொருந்த வேண்டும். உங்கள் மாடல் பெயரைச் சொல்லி விற்கும் செட்டை வாங்குவதே நல்லது. தடித்த ஃபோம் போட்டால் கோனின் இயல்பான ஒத்ததிர்வு, அதாவது அது தானாகவே அதிகம் அதிரும் அதிர்வெண், மேலே ஏறி, அடிமட்ட பேஸ் போய்விடும்.

பழைய ஃபோமைக் கையாலேயே உரித்துவிடலாம். கோனின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பிசினை எடுப்பதுதான் நேரம் பிடிக்கும் வேலை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்து, மொட்டை முனையுள்ள கத்தியால் சுரண்டுங்கள். காகிதக் கோன் சொதசொதவென்று நனையக்கூடாது. நெயில் பாலிஷ் துடைக்கும் அசிட்டோன் பக்கமே போகாதீர்கள்; பிரிட்டிஷ் டிரைவர்கள் பலவற்றின் கோன் பெக்ஸ்ட்ரீன் என்ற பாலிஸ்டைரீன் வகை பிளாஸ்டிக், அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும்.

அடுத்து நடுவில் இருக்கும் டஸ்ட் கேப்பைக் கூரான பிளேடால் விளிம்பை ஒட்டி அறுத்து எடுக்க வேண்டும். முழுதாக அறுக்காமல் ஒரு விரல் அகலம் விட்டுக் கதவுபோல் திறந்து வைத்தால் அதே கேப்பைத் திரும்ப ஒட்டலாம். உள்ளே காந்தத்தின் நடுத்தண்டும் அதைச் சுற்றி வாய்ஸ் காயிலின் குழலும் தெரியும். இரண்டுக்கும் இடையே உள்ள சந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை மெல்லிய கீற்றுகளாக வெட்டிச் சுற்றிலும் சம இடைவெளியில் செருகுங்கள். கீற்றுகள் இறுக்கமாக நின்றால் கோன் சரியாக நடுவில் நிற்கும்.

ஃபோமை முதலில் கோனில் ஒட்டி ஒரு இரவு காயவிடுங்கள். மறுநாள் கீற்றுகள் செருகிய நிலையில் ஃபிரேமில் ஒட்டி, சுற்றிலும் கிளிப்போ துணி காயவைக்கும் கிளிப்போ போட்டு இன்னொரு நாள் விட்டுவிடுங்கள். ஃபோமுக்கு வெள்ளைப் பசை வகை போதும், ஒட்டிய பின்னும் சில நிமிடம் நகர்த்திச் சரிசெய்யலாம். உடனே இறுகும் சூப்பர் க்ளூவில் அந்த வாய்ப்பு இல்லை. காய்ந்ததும் கீற்றுகளை உருவி, 30 ஹெர்ட்ஸ் டோனை மிகக் குறைந்த சத்தத்தில் கொடுத்துக் காதை அருகே வையுங்கள். உரசல் இல்லாவிட்டால் கேப்பை மூடலாம். ஜோடியில் ஒன்றின் ஃபோம் மட்டும் கிழிந்திருந்தாலும் இரண்டுக்கும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

புது ஃபோம் போட்ட பிறகு கரகர என்று உரசுகிறது.

கோன் நடுவில் இல்லை. பசையை ஆல்கஹாலால் இளக்கி ஃபிரேம் பக்கத்தை மட்டும் பிரித்து மறுபடி ஒட்டுங்கள். அப்படியும் உரசினால், ஸ்பைடர் எனப்படும் உள்வளையம் ஒரு பக்கம் தொய்ந்திருக்கலாம், அல்லது டிரைவர் எப்போதோ கீழே விழுந்து காந்தமே நகர்ந்திருக்கலாம். காந்தம் நகர்ந்த கேஸை வீட்டில் பார்க்காதீர்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொடுத்து ரீகோன் செய்துவிடலாமா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மற்ற ஊர்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களிலும் கைத்தொழில் நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பின்னல் கம்பி போடுவது, உரசும் காயிலை நடுவுக்குக் கொண்டுவருவது, ஃபோம் ஒட்டுவது எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். கோனையும் காயிலையும் புதிதாகப் போடச் சொல்லும் இடத்தில்தான் நான் நிறுத்துவேன். அங்கே கையிருப்பில் இருப்பது பெரும்பாலும் மைக்செட், மேடை ஸ்பீக்கர்களுக்கான கோன்கள். அதிக பவரைத் தாங்கும், தூரம் போகும். உங்கள் ஸ்பீக்கருக்கு வேண்டிய குணம் வேறு. எடை மாறினால் ஒத்ததிர்வு மாறும், ஓரத்தின் விறைப்பு மாறினால் பேஸின் ஆழம் மாறும், காயிலின் சுற்று மாறினால் கிராஸ்ஓவர் எங்கே பிரிக்கும் என்பதே மாறிவிடும். டிரைவர் பாடும், ஆனால் அது வேறொரு டிரைவர்.

கொடுக்கும்போது "சத்தம் வரணும்" என்று சொல்லாதீர்கள். "கோனைத் தொடாதீங்க, ஃபோம் மட்டும்" என்று சொல்லி, பழைய உதிரி ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

என் ஆம்ப் சின்னதுதான், 20 வாட். அதில் எப்படி ட்வீட்டர் எரியும்?

சின்ன ஆம்பில்தான் நிறைய எரிகின்றன. 20 வாட் ஆம்பை அதன் எல்லைக்கு மேல் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண் சக்தி கூடுகிறது, அது நேராக ட்வீட்டருக்குப் போகிறது. பேஸ் எல்லையில் முட்டி நிற்கும்போது மேல்ஸ்தாயி மட்டும் தொடர்ந்து ஏறிக்கொண்டிருக்கும். ட்வீட்டரின் காயில் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி, தொடர்ச்சியாகத் தாங்குவது சில வாட் மட்டுமே. பெட்டியில் எழுதியிருக்கும் 50 வாட், 100 வாட் எல்லாம் முழு இசைக்கான கணக்கு.

புது ட்வீட்டர் மாட்டுவதற்கு முன் கிராஸ்ஓவரில் அதற்கு முன்னால் இருக்கும் கப்பாசிட்டரைச் சோதியுங்கள். அது ஷார்ட் ஆகியிருந்தால் புதியதும் அன்றே போகும்.

ட்வீட்டர் பாடுகிறது, மீட்டரும் சரி. ஆனால் மங்கலாகக் கேட்கிறது.

1970களின் நடுவிலிருந்து பல ட்வீட்டர்களில் காயிலைச் சுற்றி ஃபெரோஃப்ளூயிட் என்ற காந்தத் திரவம் ஊற்றினார்கள். 1960களில் நாசாவில் ராக்கெட் எரிபொருள் ஆராய்ச்சியில் பிறந்த பொருள் அது. காயிலின் சூட்டை வாங்கிக் காந்தத்துக்குக் கடத்தும், அதிர்வையும் அடக்கும். பல வருடம் போனால் கெட்டிப்பட்டுத் தாராகிவிடும், காயில் அதில் சிக்கிக்கொள்ளும். ட்வீட்டரில் ஒலி எழுப்பும் அரைக்கோள மூடியான டோமைத் தூக்கி, சந்துக்குள் மையொற்றும் தாளை விட்டு விட்டு எடுத்து, கறுப்பு வராதவரை சுத்தம் செய்து, அதே தடிப்புள்ள புதுத் திரவத்தை அளந்து விட வேண்டும். சிம்பல் சத்தம் திரும்பி வரும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்கு இந்தச் சிரமம் தகும்.

ஃபெரோஃப்ளூயிட் இல்லாமல் வந்த ட்வீட்டரில் புதிதாக ஊற்றாதீர்கள்.

டோம் உள்ளே அமுங்கிவிட்டது. எடுக்கலாமா?

துணி டோம் என்றால் லேசான ஒட்டுத் தாளால் மெல்ல இழுத்தால் வந்துவிடும். ஒலி பெரும்பாலும் முன்போலவே இருக்கும். உலோக டோமில் கோடு நின்றுவிடும்.

யமஹா என்எஸ்-1000எம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1974இல் வந்த அதன் 30 மில்லிமீட்டர் ட்வீட்டரும் 88 மில்லிமீட்டர் மிட்ரேஞ்சும் பெரிலியத்தால் ஆனவை. உடைந்த பெரிலியத்தின் தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குப் பெரும் தீங்கு. அந்தக் டோமைச் சுரண்டுவது, தேய்ப்பது, அமுங்கியதை நிமிர்த்துவது எதுவும் வேண்டாம். முன்னால் உள்ள கம்பி வலையைக் கழற்றவே கழற்றாதீர்கள். உடைந்துவிட்டால் துண்டுகளை வெறுங்கையால் தொடாமல், துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத் துணியால் ஒற்றி எடுத்து மூடிய பையில் போடுங்கள். குழந்தைகள் விரலால் அழுத்திப் பார்க்கும் வீட்டில் அந்த ஸ்பீக்கரின் இடத்தையே மாற்றுவேன்.

காயில் கருகிவிட்டது, அசல் உதிரி எங்கும் இல்லை. மாற்று டிரைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் அதே மாடலின் பழைய டிரைவர் எங்காவது தனியாக விற்கிறதா என்று தேடுங்கள். பெட்டி உளுத்துப்போன ஜோடிகளைப் பிரித்து விற்பவர்கள் உண்டு. மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தாலும் அதுதான் சிறந்த வழி.

அதுவும் இல்லையென்றால் கணக்குப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் 1960களிலும் 70களிலும் வகுத்த அளவுருக்கள்தான் இன்றும் வூஃபர் தேர்வுக்கு அடிப்படை: ஒத்ததிர்வு அதிர்வெண், அதிர்வை அடக்கும் அளவு, எவ்வளவு காற்றுக்குச் சமமான நெகிழ்வு என்ற மூன்று எண்கள். அசலின் எண்கள் கிடைக்காவிட்டால் ஜோடியில் நன்றாக இருக்கும் இன்னொரு வூஃபரை அளந்து எடுத்துக்கொள்ளலாம். ஏஆர் வகைப் பெட்டிகளில் இது உயிர்நாடி. ஏஆர் நிறுவனர்களில் ஒருவரான எட்கர் வில்ச்சர் 1954இல் ஏஆர்-1இல் கொண்டுவந்த முறையில், கோனைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் வேலையைப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றே செய்கிறது. அதற்காகக் கோனின் பிடிப்பை வேண்டுமென்றே மிகத் தளர்வாக வைத்தார்கள். அந்தப் பெட்டியில் இன்றைய விறைப்பான 12 இன்ச் வூஃபரை மாட்டினால் பேஸ் ஒரே சுருதியில் தும் தும் என்று நிற்கும்.

ட்வீட்டருக்குப் பார்க்க வேண்டியது ஓம், ஒத்ததிர்வு, உணர்திறன். உணர்திறனில் 3 டெசிபெல் வித்தியாசம் என்றால் பவரில் இரட்டிப்பு வித்தியாசம். புது ட்வீட்டர்கள் பல பழையவற்றைவிடச் சத்தமானவை, அப்படியே மாட்டினால் காதைக் குத்தும். கிராஸ்ஓவரில் தடை சேர்த்துத் தணிக்க வேண்டியிருக்கும். வேறு மாடல் ட்வீட்டர் போடுவதானால் இரண்டு பெட்டியிலும் போடுங்கள். இல்லாவிட்டால் பாடகர் நடுவில் நிற்க மாட்டார்.

புதிதாகத் துளை போடுவது, மரத்தை அறுத்துப் பெரிதாக்குவது மட்டும் வேண்டாம். நாளை அசல் கிடைத்தால் திரும்ப மாட்ட வழி இருக்கட்டும்.

என்னிடம் எல்எஸ்3/5ஏ இருக்கிறது. அதற்கும் இதே விதிகள்தானா?

இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் வடிவமைத்த சின்ன மானிட்டர் இது. ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல நிறுவனங்கள் உரிமம் பெற்றுச் செய்தாலும் உள்ளே எல்லாவற்றிலும் கெஃப் பி110, டி27 டிரைவர்கள்தான். தொடக்ககால 15 ஓம் வகையின் கிராஸ்ஓவரில் ட்வீட்டர் அளவைச் சரிசெய்யப் பல முனைகள் வைத்த ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. தொழிற்சாலையில் அந்தந்த ட்வீட்டருக்கு ஏற்ற முனையில் இணைத்து அனுப்பினார்கள். ஆகவே வேறொரு டி27 கிடைத்தாலும் அளந்து பார்த்து முனையை மாற்ற வேண்டி வரலாம். 1980களின் பிற்பகுதியில் வந்த 11 ஓம் வகையின் கிராஸ்ஓவர் வேறு, பி110உம் வேறு. ஒன்றின் பாகத்தை மற்றதில் போடக்கூடாது. ட்வீட்டரைச் சுற்றி ஒட்டியிருக்கும் கம்பளிப் பட்டைகளை அழுக்கென்று பிய்த்து எறியாதீர்கள், அவை பெட்டி விளிம்பில் ஒலி சிதறாமல் இருக்க வைத்தவை.

பி110, டி27 இரண்டையும் கெஃப்பில் வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் தொடங்கிய ஃபால்கன் அக்கூஸ்டிக்ஸ் அவற்றை மறுபடி உருவாக்கியிருக்கிறது. மாற்றாக நான் நம்பிச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

கிராஸ்ஓவர் கப்பாசிட்டர்களையும் சேர்த்து மாற்றிவிடலாமா?

பழைய எலக்ட்ரோலிட்டிக் வகை என்றால் அளந்து பாருங்கள். மதிப்பு வெகுதூரம் விலகியிருந்தால் மாற்றுங்கள். கடையில் "நான்-போலார்" என்று கேட்க வேண்டும். பவர் சப்ளைக்கான பிளஸ் மைனஸ் குறித்த கப்பாசிட்டர் இங்கே உதவாது. விலை உயர்ந்த ஃபிலிம் கப்பாசிட்டர் போட்டால் உள்தடை குறைந்து மேல்ஸ்தாயி சற்று ஏறும். அது சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பழைய சமநிலைதான் பிடிக்கும். டிரைவரையும் கப்பாசிட்டரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது எதை மாற்றியது என்று பிறகு காதால் பிரிக்க முடியாது.

பிளஸ் மைனஸ் குறி அழிந்துவிட்டது.

வூஃபராக இருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் வெளியே வரும்போது பேட்டரியின் பிளஸ் பட்ட முனைதான் பிளஸ். பழைய ஜேபிஎல் விதிவிலக்கு, அங்கே சிவப்பு முனையில் பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளே போகும். எல்100இல் வேறு நிறுவன வூஃபர் மாட்டியவர்கள் பேஸ் தொலைந்துவிட்டது என்று புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ட்வீட்டரில் பேட்டரி வைக்காதீர்கள்.

காந்தத்தைப் பிரித்துச் சந்துக்குள் சுத்தம் செய்யலாமா?

கூடாது. பழைய அல்நிக்கோ காந்தத்தை அதன் இரும்புக் கூட்டிலிருந்து பிரித்த உடனே காந்த சக்தியில் பெரும்பகுதி போய்விடும், திரும்பக் காந்தமேற்ற அதற்கான இயந்திரம் வேண்டும். சந்தில் விழுந்த இரும்புத்தூளை, ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு மடித்த செலோடேப்பை விட்டு எடுத்துவிடலாம்.

டிரைவரை வெளியூருக்குப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டும். எப்படிப் பேக் செய்வது?

பெட்டியோடு அனுப்பாதீர்கள், டிரைவரைக் கழற்றியே அனுப்புங்கள். கோனுக்கு மேல் ஃபிரேமின் விளிம்பில் மட்டும் உட்காரும்படி பிளைவுட் துண்டு ஒன்றை அதன் ஸ்க்ரூ துளைகளிலேயே முடுக்குங்கள். காந்தத்தைச் சுற்றிக் கெட்டி தெர்மகோல் வைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அட்டைப்பெட்டிகளில் போடுங்கள். ஒரே பெட்டியில் இரண்டு வூஃபர்களை வைத்தால் ஒன்றின் காந்தம் இன்னொன்றின் கோனைக் கிழித்துவிடும். அனுப்பும் முன் காயில் எத்தனை ஓம் காட்டியது என்று எழுதி, கோனையும் ஓரத்தையும் கிட்டத்தில் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவது நீங்கள் அனுப்பிய அதே டிரைவர்தானா என்று அப்போதுதான் சரிபார்க்க முடியும்.